தேய் என்றும் ஓய் என்றும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் ட்வைலா. இதில் ஒரு பகுதியை உயிர் போனாலும் யாரிடமும் சொல்லாதே என்றவள் கோரீன். இரண்டு பேரும் என் தோழிகள். அதனால் எழுதுகிறேன், ஆனால் இரண்டு பேராலும் படிக்க முடியாத மொழியில். இது நாணயமா, தந்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

"உங்க பாஷைல கதை எழுதறியாமே. என்னைப் பத்தி எழுதேன்," என்றாள் ட்வைலா.

"உன்னால படிக்க முடியாதே."

"இங்கிலீஷ்ல பேசறவங்களே பாதி நேரம் எனக்குப் புரியறதில்ல. உன்மேல மட்டும் எனக்கு என்ன கோபம்? ஆனா ரெண்டு கண்டிஷன். நான் குணமாயிட்டேன்னு எழுதாத. அழுதேன்னும் எழுதாத."

"அழுதியே, கார்ல."

"அது வெங்காயம்."

"கார்ல ஏதுடி வெங்காயம்?"

"அதையும் எழுதாத."

ட்வைலா பென்னர், எங்கள் ஊரில் டிராக்டர், அறுவடை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்பவள். கோரீன் ஹால்வர்சன் கோதுமையும் கனோலா எண்ணெய்வித்தும் விதைப்பவள், எங்கள் கர்லிங் அணியின் கேப்டன். நான் அந்த அணியில் முதல் கல் விடுபவள். மற்ற நேரத்தில், கனடாவில் எங்கள் ஊரான வென்லோவின் ஒரே மருந்துக்கடைக்காரி. பெயர் கோமதி. ஆரம்பத்தில் 'கோ' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்டத்தில் 'கோ' என்று கத்தினால் ஓடு என்று அர்த்தம். யார் என்னைக் கூப்பிட்டாலும் நாலு பேர் ஓடினார்கள். ஆகவே பின்பாதியை எடுத்து 'மேடி' ஆக்கிவிட்டார்கள். (பெயரிலேயே ஒரு 'டி' இருப்பது வசதி. இவர்கள் பேச்சில் 'டி' போட்டுக் கூப்பிடுவது கிடையாது. ஆனால் கோரீன் ட்வைலாவைத் திட்டும் குரலில் அது இருக்கிறது. நான் கேட்டதை எழுதுகிறேன்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மார்ச் மாதத்துப் பனி, சாஸ்காட்சுவான் சமவெளியின் மேல்—"

விட்டுவிட்டேன். பனியில் ஆரம்பித்தால் படிப்பவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வெளிநாட்டுக் கதை கேட்கத் தயாராகிவிடுவார். நாங்கள் பனியைப் பற்றிப் பேசுவதில்லை. வண்டி கிளம்பியதா என்றுதான் பேசுவோம்.

இரண்டாவது தொடக்கம்: "ட்வைலாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்."

இது நிற்கட்டும். உண்மை. கதையின் சிக்கலே இந்த வரிதான்.

2

இந்தக் கர்லிங் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீளமான பனித்தளம். ஒரு முனையிலிருந்து ஒருத்தி கைப்பிடி வைத்த கருங்கல்லைச் சறுக்கி விடுவாள். மறுமுனையில் வரைந்த வட்டத்துக்குள் கேப்டன் நின்று பார்ப்பாள். வட்டத்தின் நடுவுக்கு மிக அருகில் எந்த அணியின் கல் நிற்கிறதோ அதற்குப் புள்ளி. கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் தூரிகை மாதிரி ஒரு கருவியால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் தூரம் போகும். நிறுத்தினால் சீக்கிரம் நிற்கும். எப்போது தேய்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கேப்டன் கத்துவாள். பக்கத்துத் தளங்களிலும் இதே கூத்து. தகரக் கூரை. சுவருக்குப் பின்னால், தளத்தை உறைய வைக்கும் கம்ப்ரஸர் உறுமும்.

ஆங்கிலத்தில் கத்தும் அந்த இரண்டு சொற்களும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். தமிழில் 'தேய்', 'நிறுத்து' என்று எழுதினால் எந்தக் காதும் குழம்பாது. கதையே நின்றுவிடும். கடையில் மாத்திரை எண்ணும்போதெல்லாம் இதையே யோசித்தேன். பிறகு கிடைத்தது: தேய், ஓய். ஓய் என்றால் ஓய்ந்திரு. முன்னெழுத்து கூரையில் மோதிச் சிதறினால் மிச்சம் 'ய்' மட்டும்தான். இனி வரும் தவறான கேட்டல்கள் எல்லாமே இப்படித்தான். அவர்கள் வேறு சொற்களில் தடுக்கி விழுந்தார்கள், நான் தமிழில் அதே ஆழத்துக்குக் குழி வெட்டியிருக்கிறேன்.

3

மார்ச்சில் வட்டாரப் போட்டியின் இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று, இரண்டு அணிக்கும் சம புள்ளி. வட்டத்தின் நடுவில் எங்கள் கல் ஒன்று அழகாக உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்றைக் காவலாக நிறுத்த வேண்டும். மூன்றாமவள் ஜெனெல் கல்லை விட்டாள். ஒரு மயிரிழை வேகம் கூடிவிட்டது.

கோரீன் வட்டத்திலிருந்து கத்தினாள். "ஓய்! ஓய்! ஓய்!"

நான் தூரிகையைத் தூக்கிவிட்டேன். ட்வைலா தூக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல், தோள் இரண்டும் அடித்துக்கொள்ளத் தேய்த்துக்கொண்டே போனாள். பக்கத்துத் தளத்தில் ஒரு கேப்டன், தொண்டை கிழிய, "தேய்! தேய்! தேய்!" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்குத்தான் ட்வைலா உழைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

கல் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நடுவில் இருந்த எங்கள் கல்லையே இடித்து வெளியே தள்ளிவிட்டு, தானும் பின்னால் போய் நின்றது. தோற்றோம்.

கோரீன் கத்தவில்லை. தூரிகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது இன்னும் மோசம்.

ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு ஒரு சுற்று வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாடியில், கண்ணாடிக்குப் பின்னால், அந்தக் கூடம். உருளைக்கிழங்கு வறுவல், பியர், எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் பேச்சு. எட்டுப் பேர் உட்கார்ந்தோம்.

"ஓய்னு தொண்டை கிழியக் கத்தினேன்," என்றாள் கோரீன்.

"எனக்குத் தேய்னுதான் கேட்டுது."

"காது கேக்கலயா, இல்ல நான் சொன்னா கேக்கப் பிடிக்கலயா?"

ட்வைலா சிரித்தாள். அவள் வழக்கம் அது.

"சிரிக்காதடி. எதுக்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. அடுத்த வருஷத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

ட்வைலா தலையாட்டினாள். "சரி, நல்லது," என்றாள். எதிரணிப் பெண்கள் தங்கள் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"ஒரு கேமுக்காகவா, கோரீன்?" என்றாள் ஜெனெல்.

"ஒரு கேமுக்காக இல்ல."

வண்டி நிறுத்துமிடத்தில் ட்வைலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மேடி, எல்லாரும் ஏன் அப்படி மூஞ்சிய வச்சிருந்தீங்க? கடைசியா என்ன சொன்னா?"

"நீதான் நல்லதுன்னு சொன்னியே."

"வேற கலர் பாத்துக்கறேன்னு கேட்டுது. டீம் ஜாக்கெட்டுக்கு."

நான் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு தோழியைத் துரத்திய வார்த்தையை, அவள் முகத்துக்கு நேரே, மெதுவாக, தெளிவாக, இரண்டாம் முறை சொல்வது என்ன என்று நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். ட்வைலா "ஓ," என்றாள். பிறகு தன் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைச் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டி முடித்த பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

4

[இந்தப் பகுதிதான் சொல்லக் கூடாதது.]

அன்று நான் கோரீனின் வண்டியில் வந்திருந்தேன். திரும்பியதும் அதிலேயே.

"நான் கொடுமைக்காரின்னு நினைக்கற," என்றாள்.

"கொஞ்சம்."

"நாலு வருஷம் முன்னாடி ஃபால் சப்பர் ஞாபகம் இருக்கா?"

அறுவடை முடிகிற சமயம் சமுதாயக் கூடத்தில் ஊரே கூடிச் சாப்பிடுகிற விருந்து அது. வான்கோழி, முட்டைக்கோஸ் சுருள், நீண்ட மேசைகள், மடக்கு நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம். அன்று மத்தியானம்தான் கோரீன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கணவன் இன்னும் வயலில், மழைக்கு முன்னால் மிச்சத்தை அறுத்துவிடும் அவசரத்தில். அவன் முடித்துவிட்டு வந்தபின் சொல்லலாம் என்று இருந்தாள். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் அடுக்கியிருந்த மேசையருகே ட்வைலா நின்றாள். சின்ன வயசிலிருந்து கூடவே வளர்ந்தவள்.

"போய்க் கிட்ட நின்னு சொன்னேன். மார்ல ஒரு கட்டி இருக்காம்னு. மெதுவாத்தான் சொன்னேன். அதை எப்படிச் சத்தமாச் சொல்றது?"

"அவ?"

"மூஞ்சி அப்படியே மலர்ந்துபோச்சு. 'ஐயோ, குட்டியா! எனக்கு ஒண்ணு எடுத்து வை!'ங்கறா."

கோரீனின் நாய் அப்போது நிறைமாதம். ஊருக்கே தெரியும்.

"குட்டின்னு கேட்டிருக்குன்னு எனக்கும் புரிஞ்சுது, மேடி. ஆனா என் மூஞ்சியப் பாத்திருந்தா? நாய்க்குட்டி விஷயம் சொல்ற மூஞ்சியா அது? பையை வெட்டிக்கிட்டே கேட்டா. எனக்கு ஒரு தடவை சொல்லத்தான் தெம்பு இருந்துது. இன்னொரு தடவை வாய் வரல."

அவள் தனியாக நகரத்துக்கு வண்டி ஓட்டிப் போய்க் கட்டியில் ஊசி குத்திச் சோதித்துக்கொண்டாள். கெட்ட கட்டி இல்லை. திரும்பி வந்து, நாய் ஈன்றதும், நல்லதாக ஒரு குட்டியை எடுத்து ட்வைலாவுக்குக் கொடுத்தாள்.

"ஏன் கொடுத்த?"

"கேட்டாளே."

5

இங்கே நிறுத்திக் கோரீனைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் பகுதியை வாசித்துப் பார்த்தால் அவள் வில்லி மாதிரி நிற்கிறாள். முதல் பிரதியில் "கோரீன் கல்மனசுக்காரி, எப்போதும்—" என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம், கேட்காமலே டிராக்டரைக் கொண்டுவந்து என் வாசல் பனியை வழித்துவிட்டுப் போனவள் அவள். நன்றி சொல்லப் போனபோது "பின்ன மருந்துக்கடை திறக்க வேணாமா?" என்றாள். அன்பைக் காரியமாகச் செய்கிறவளுக்கு, தன் சொல்லை ஒருவர் கவனிக்காமல் விட்டால், காரியமே தவறிப்போனது போல.

ட்வைலாவைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே பேச்சில் மூன்று வேலை சொன்னால் அவள் ஒன்றைச் செய்வாள். கூட்டத்தில் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வாள். அதே ட்வைலா, என் கடையில் யாரும் இல்லாத நேரம் வந்தால், போன மாதம் நான் சொன்ன மாத்திரைப் பெயரைக்கூடப் பிசகாமல் சொல்வாள். இந்த இரண்டு ட்வைலாவும் ஒரே ஆள் என்று எழுதினால் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. நிஜத்தில் எதிரே நின்றவளையே நாங்கள் நம்பவில்லை.

6

ஆகஸ்டில் அறுவடை மும்முரம். உதிரிபாகக் கடையில் டெலிபோன் ஓயாமல் அடிக்கும், பின்கட்டுப் பட்டறையில் காற்றழுத்தச் சுத்தியல் அடிக்கும். ஒரு விவசாயி பெல்ட்டுக்கு எண் சொன்னார். எழுபத்தாறில் முடிகிற எண். ட்வைலாவுக்கு எண்பத்தாறு என்று கேட்டது. வந்த பெல்ட் பொருந்தவில்லை. அறுவடை இயந்திரம் வயல் நடுவே ஒரு நாள் முழுக்க நின்றது. மறுநாள் மழை.

முதலாளி திட்டவில்லை. "காதைச் சோதிச்சுக்கயேன், ட்வைலா," என்றார்.

சோதித்துக்கொண்டாள். ஊரில் காது சோதிக்கிறவர் ஹெட்போன் மாட்டி, கீச்சொலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். எல்லாம் அமுக்கினாள். இந்த வயசுக்கு இவ்வளவு நல்ல காது அபூர்வம் என்றார்.

"அவரு நார்மல்னு சொன்னப்பதான்டி எனக்குப் பயமாயிருச்சு," என்று என்னிடம் சொன்னாள். "செவிடுன்னு சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருக்கும். காதுல தப்பு இல்லன்னா அப்ப என்கிட்டதான தப்பு?"

ஆனால் அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தொலைக்காட்சியில் கீழே எழுத்து ஓடினால் ஒன்றும் தவறுவதில்லை. எழுத்தை நிறுத்தினால் கூட்டக் காட்சிகளில் வெறும் இரைச்சல். இதைப் போய் அந்தச் சோதனைக்காரரிடமே சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்து, நகரத்தில் வேறு வகைச் சோதனை செய்கிற ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். யாரோ வராததால் அக்டோபரிலேயே இடம் கிடைத்தது. "நீயும் வா, சொல்றதுல பாதி விட்டுருவேன்," என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

செலீன் கரியு என்ற அந்த நிபுணர், அடக்கமான குரல்காரி. பேசுவதற்கு முன் ஜன்னலையும் கதவையும் சாத்தி, நாற்காலியை இழுத்து ட்வைலாவுக்கு நேரே போட்டுக்கொண்டாள். பிறகு அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தாள். நான் வெளியே.

அமைதியில் சொன்ன சொற்கள் எல்லாம் ட்வைலாவுக்குச் சரியாக வந்தன. பிறகு அதே சொற்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் பேசுகிற இரைச்சலைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் வலது காதில் ஒரு எண்ணும் இடது காதில் வேறொரு எண்ணும் ஒரே நேரத்தில். இரண்டையும் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதில் வந்தது வந்தது. இடது பக்கம் வந்ததெல்லாம் வழியிலேயே தொலைந்தது. ட்வைலா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாரம் தூக்குகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"உங்க காது நல்லாத்தான் கேக்குது," என்றாள் செலீன். "காதுலருந்து போற சத்தத்தைப் பிரிச்சு, எது பேச்சு, எது இரைச்சல், யார் குரல்னு மூளை அடுக்கணும். அந்த அடுக்கற வேலைதான் உங்களுக்கு மத்தவங்களைவிட ரொம்பக் கஷ்டம். இரைச்சல்ல, எதிரொலியில, ரெண்டு பேர் சேந்து பேசினா, வேகமாப் பேசினா சிக்கிக்கும். விட்டுப்போனதை மூளை தானா ஒரு ஊகத்தைப் போட்டு ரொப்பிடும். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அக்கறைக்கும் சம்பந்தம் இல்ல."

ட்வைலா கொஞ்ச நேரம் அவள் வாயையே பார்த்தாள். "இதுக்குப் பேர் இருக்கா?"

"இருக்கு. செவிவழிச் செயலாக்கக் குறைபாடு."

(ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் இதுதான் எனக்குக் கிடைத்தது. இதைவிட நல்லதாக யாராவது சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.)

"நீளமாத்தான் இருக்கு. நல்லதாப் போச்சு. சின்னப் பேரா இருந்தா எங்க ஊர்ல நம்ப மாட்டாங்க," என்றாள் ட்வைலா. "எப்பலருந்து?"

"பொறந்ததுலருந்தே இருக்கலாம். சின்ன வயசுல அடிக்கடி காதுல சீழ் வந்துதுன்னு சொன்னீங்க, அதுவும் காரணமா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது. முழுசாப் போகவும் போகாது. ஆனா சமாளிக்கலாம்."

திரும்பும் வழியில் கார் ஓட்டியது நான். "நாலாம் கிளாஸ்ல கடைசி வரிசைல, ஹீட்டர் பக்கத்துல உக்கார வச்சாங்க. கனவு காண்றவள்னு ரிப்போர்ட்ல எழுதினாங்க," என்றாள். அப்புறம் வெங்காயம்.

7

அந்த வாரமே மளிகைக்கடையில், பால் பெட்டி வரிசையில், கோரீனை நேருக்கு நேர் சந்தித்தோம். மார்ச்சுக்குப் பிறகு இருவரும் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இந்த முறை ட்வைலா அதோடு நிறுத்தவில்லை.

"கோரீன், நான் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். காது நல்லாயிருக்கு. மூளைதான் சத்தத்தைப் பிரிக்கத் தெரியாம முழிக்குது. அன்னைக்கு நான் பக்கத்து டீமுக்குத் தேய்ச்சிருக்கேன்டி."

கோரீனின் உதடு சிரிக்கப் போனது. பாதியில் நின்றது. "எப்பலருந்து இப்படி?"

"பொறந்ததுலருந்தே இருக்கும்கறாங்க."

"கூட்டத்துலயும் இப்படியா? ஹால்ல... விருந்துல?"

"அங்கதான் ரொம்ப மோசம். பாதி ஊகம்தான். மூஞ்சியப் பாத்தாலாவது கொஞ்சம் பிடிபடும். கைல ஏதாவது வேலை இருந்துதோ, அவ்வளவுதான், ஒண்ணும் தெரியாது. சிரிச்சு வச்சிருவேன். சிரிச்சா யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க பாரு."

கோரீன் கையிலிருந்த பால் பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். "சரி," என்றாள். "சரி." கூடையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

"இன்னும் கோபமா இருக்கா," என்றாள் ட்வைலா.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"அவ கேக்கவே இல்ல, மேடி."

"ஆமா."

"நாலு வருஷமா நான் அவள—" கோரீன் வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

"சொல்லிடேன் அவகிட்ட," என்றேன்.

"என்னன்னு? நான் சாகப் போறேன்னு பயந்துக்கிட்டு வந்து சொன்னப்ப நீ நாய்க்குட்டி கேட்டேன்னா? அதைக் கேட்டா அவ எப்படித் தாங்குவா? அந்த நாயைப் பாக்கும்போதெல்லாம் என்ன நினைப்பா?"

இரண்டு நாள் கழித்து கோரீன் ட்வைலாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள், எழுத்தில்: "செவ்வாய்க்கிழமை பயிற்சி. வா." ட்வைலா அதை என்னிடம் காட்டி, "இது மன்னிப்பா, உத்தரவா?" என்றாள். கோரீனிடம் இரண்டும் ஒன்றுதான்.

8

சமாளிப்பது பற்றி எழுதினால் கதை மருந்துச் சீட்டு ஆகிவிடும் என்று பயந்தேன். ஆனால் ட்வைலாவின் வாழ்க்கை மாறியது இந்தச் சில்லறை விஷயங்களில்தான்.

கடையில் அவள் மேசையைப் பட்டறைச் சுவரிலிருந்து எடுத்து முன்பக்கம் போட்டார்கள். போனில் எண் சொல்கிறவர்களிடம் "எழுதி அனுப்புங்க" என்கிறாள். அனுப்பத் தெரியாத கிழவர்களிடம் இரண்டிரண்டு இலக்கமாக வாங்கி, திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறாள். "என்ன?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். "என்ன?" என்றால் எல்லோரும் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்கிறார்கள். சத்தம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. "வேற மாதிரி சொல்லுங்க" என்கிறாள். வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஓடும்போது கணவன் வாய் திறக்கக் கூடாது. "கல்யாணத்துலயே இந்த மெஷினை வாங்கியிருக்கணும்," என்று அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். தினமும் கணினியில் காதுப் பயிற்சி. இடது காதுக்குச் சத்தமாக, வலது காதுக்குச் சன்னமாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமன் செய்கிற பயிற்சி. சலிப்பு பிடுங்கித் தின்கிறது என்கிறாள். எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகின்றன. கூட்டத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டால் அன்று சாயங்காலம் யாரோடும் பேச மாட்டாள். காதைத் தேய்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். முன்பெல்லாம் அதை எழவு மூஞ்சி என்போம்.

பனித்தளத்தில்தான் தகராறு.

"கையக் காட்டு, கோரீன். உசத்தினா நிறுத்தறேன்," என்றாள் ட்வைலா.

"கையக் காட்ட நான் என்ன டிராஃபிக் போலீஸா? பத்து வயசுலருந்து கத்திட்டிருக்கேன்டி, இனிமே என் வாய் நிக்குமா? அதுவும் நீ கல்லைப் பாப்பியா, என்னைப் பாப்பியா?"

நியாயமான கேள்வி. கடைசியில் இரண்டு ஏற்பாடு. ஒன்று, ட்வைலா என் தூரிகையைப் பார்ப்பாள். நான் தூக்கினால் தூக்குவாள். இரண்டு, ஒரு சின்ன ஒலிவாங்கி. கோரீனின் காலரில் மாட்டினால், அவள் குரல் கூரை, கம்ப்ரஸர், பக்கத்துத் தளம் எதையும் சுற்றாமல் நேரே ட்வைலா காதுகளில் மாட்டும் குட்டிக் கருவிகளுக்குப் போகும். ஆட்டத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கிளப் கமிட்டி கூடிப் பேசியது. யாரும் மறுக்கவில்லை. கமிட்டியின் மூத்தவர் மட்டும் "அதுல ஹாக்கி மேட்ச் கேக்குமா?" என்று விசாரித்தார்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு கோரீன் வழக்கம்போல அலறினாள். ட்வைலா தூரிகையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். "சாவடிக்காதடி! என் மண்டைக்குள்ள நிக்கற நீ! மெதுவாப் பேசு!"

வாழ்நாளில் முதல் தடவை கோரீன் பனித்தளத்தில் மெதுவாகப் பேசினாள். "...தேய்," என்றாள், வெட்கப்பட்டுக்கொண்டு.

அந்தப் பருவத்தில் நாங்கள் கோப்பை ஒன்றும் ஜெயிக்கவில்லை. பல ஆட்டம் தோற்றோம். இரண்டு தடவை கருவியில் சார்ஜ் இல்லை. ஒரு தடவை நானே தூரிகையைத் தப்பான நேரத்தில் தூக்கி, ட்வைலா சரியாகக் கேட்டிருந்தும் என்னை நம்பிக் கெட்டாள். அதற்கு அவள் என்னைத் திட்டியதைத் தமிழில் எழுத முடியாது.

9

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: கோரீன் எல்லாவற்றையும் சொல்கிறாள். ட்வைலா உடைந்து அழுகிறாள், இருவரும் கட்டிக்கொள்— அழக் கூடாது என்பது நிபந்தனை. போகட்டும்.

இரண்டாவது: கோரீன் கடைசிவரை சொல்வதில்லை. சொல்லாமல் சுமப்பதே அவள் செய்கிற பிராயச்சித்தம் என்று ஒரு நல்ல வாக்கியம் எழுதி முடிக்கலாம். எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நன்றாக இருந்தது. கோரீன் அதில் இல்லை.

மூன்றாவது, நான் பார்த்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம். பயிற்சி முடிந்து ஜெனெல் போய்விட்டாள். நான் மாடிக் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் காலணி மாற்றிக்கொண்டிருந்தேன். கம்ப்ரஸர்கூட ஓய்ந்திருந்தது. கீழே இரண்டு பேர் மட்டும். ட்வைலா இந்த முனையில் கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கோரீன் மறுமுனையில், வட்டத்தின் நடுவில் நின்றாள். ஒலிவாங்கி இன்னும் காலரில் இருந்தது.

கோரீன் பேச ஆரம்பித்தாள். கத்தவில்லை, அது அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. தளத்தின் முழு நீளத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வது போலச் சொன்னாள். ட்வைலாவின் கை கல்லின் கைப்பிடி மேல் அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்தாள். திரும்பி, கோரீனின் முகத்தைப் பார்த்தபடி, பனி மேல் மெதுவாக அவளை நோக்கி நடந்தாள். கோரீன் பேசிக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் ட்வைலா ஒருமுறை நின்றாள். மறுபடி நடந்தாள். பக்கத்தில் போனதும் கோரீனின் வாய் நின்றது. ட்வைலா ஏதோ சொன்னாள், சின்னதாக. கோரீன் தலையாட்டினாள். இருவரும் அங்கேயே, தோளோடு தோள், சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கட்டியைப் பற்றியா? அடுத்த வார ஆட்டத்தைப் பற்றியா? கோரீனுக்கு அந்த உடம்பு விஷயம் திரும்பவும் ஏதாவது வந்திருக்கிறதா? அந்த எண்ணம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உதடுகளைப் பார்த்து ஊகித்து ஒரு பேச்சை எழுதிவிடலாம், கதைக்காரி அதைச் செய்யத்தான் இருக்கிறாள். நான் செய்யப்போவதில்லை. ஊகம் போட்டு ரொப்பியது இந்த இருவருக்குள் போதும். இடத்தைக் காலியாக விடுகிறேன். இந்த ஊரை, இந்த இரண்டு பேரை என்னைவிட நல்ல மனதோடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கோரீன் சொன்னது: ..............................

ட்வைலா சொன்னது: ..................

கொஞ்ச நேரம் கழித்து ட்வைலா மட்டும் படியேறி வந்தாள். கண் உலர்ந்துதான் இருந்தது, நிபந்தனைக்காகச் சொல்லவில்லை. காதுக் கருவிகளைக் கழற்றவில்லை.

"என்னடி சொன்னா?" என்றேன்.

"எல்லாம் கேட்டுது," என்றாள். "ஒரு வார்த்தை விடல."

அவ்வளவுதான். கவுண்டரில் இரண்டு காப்பி வாங்கினாள். ஒன்றில் கோரீனுக்குப் பிடித்தபடி பாலை நிறைய விட்டாள். இரண்டு கையிலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, முதுகால் கதவைத் தள்ளித் திறந்து, பனித்தளத்துக்கு இறங்கிப் போனாள்.